ஆறு மடங்கின் எல்லை

தொர்த்தெல்லீனியைக் கொதிக்கும் சாற்றோடு உடனே சாப்பிட்டுவிட வேண்டும், மரெஷல்லோ. ஆறினால் இறைச்சி பொதிந்த மாவு ஊறிப்போகும். அதனால்தான் எங்கள் வீட்டில் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி ஒரே முறைதான் அடிக்கும். மறுமுறை அழைக்கும் பழக்கம் என் தாத்தா காலத்திலிருந்தே இல்லை. இதையெல்லாம் காவல் நிலையத்தில் எதற்குச் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், போகப்போகத் தெரியும்.

நாங்கள் பார்கோஸ்ஸிகள். மூன்று தலைமுறையாகக் கொதிகலன் செய்கிறோம். மோதெனா வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கன்னிமாடம் குளிரில் நடுங்காமல் இருந்தாலும் அது எங்கள் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டின் தயவு. என் தம்பி மகன் லியோனெல்லோ மட்டும் பல்கலைக்கழகத்துக்குப் போனான். திரும்பி வந்து கொட்டகையில் ஓர் உலை கட்டினான். நிக்கல் தூளும் ஹைட்ரஜனும் சேர்ந்து, கொடுத்த மின்சாரத்தைவிடப் பல மடங்கு வெப்பம் தரும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். உப்சாலாவிலிருந்து ஹெட்லுண்ட் என்ற பேராசிரியர் சோதிக்க வருவதாகக் கடிதமும் வந்தது.

பிறகுதான் அளந்து பார்த்தான். ஒன்று கொடுத்தால் ஒன்றுதான் வந்தது.

உலையின் சூடேற்றும் சுருளைச் சுற்றிக் கொடுத்தவன் நான். இன்னொன்றைச் சேர்ப்பது அரை மணி நேர வேலை. அதற்கு நிலவறையிலிருந்து எர்த் கம்பி வழியாக மின்சாரம் அனுப்பினேன். அளக்க வருகிறவர்கள் கறுப்புக் கம்பியில்தான் கவ்வியை மாட்டுவார்கள். மஞ்சள் பச்சை எர்த் கம்பியை எந்தப் பேராசிரியரும் சட்டை செய்வதில்லை. லியோனெல்லோவுக்கு இது தெரியாது. அவனை நான் ஒருநாளும் பொய் சொல்ல வைக்கவில்லை.

ஆறு மடங்கு வந்தது. அதற்கு மேல் போனால் நிலவறை ஃபியூஸ் போய்விடும், அவ்வளவுதான். அந்த ஆறை வைத்து அறிஞர்கள் இரண்டு வருடம் என் சாப்பாட்டு மேசையில் அடித்துக்கொண்டார்கள்.

“கணக்குப்படி பதினொண்ணு வரைக்கும் போகணுமே. ஏன் ஆறுல வந்து நிக்குது?” என்பார் ஹெட்லுண்ட், வாய் நிறையத் தொர்த்தெல்லீனியோடு.

“அணுக்கருவோட குணம் சார் அது. உங்க ஊரு மாதிரி சட்டம் போட்டா கேக்காது,” என்பான் லியோனெல்லோ.

“நீங்க என்ன சொல்றீங்க பெரியவரே?”

“எந்த வீட்டுக்கும் தாங்குற அளவுன்னு ஒண்ணு இருக்கும்ல,” என்றேன். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சென்ற மாதம் லியோனெல்லோ என்னிடம் வந்தான்.

“பெரியப்பா, ஞாயித்துக்கெழமை சாப்பாடு முடிஞ்சதும் நாப்பது பேரு முன்னாடி பிளக்கைப் புடுங்கிடப் போறேன். எர்த் கம்பியையும் வெட்டிடுவேன். தன்னால ஓடும் பாருங்க.”

“எதுக்குடா இந்த வீம்பு? ஆறே போதும்.”

“போதாது பெரியப்பா. ஒருத்தனும் நம்மளத் திருடன்னு சொல்லக் கூடாது.”

திருடன். எங்கள் மேசையில் அந்தச் சொல் அதற்குமுன் விழுந்ததில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். யோசித்தேன். ஓடாத உலை அவமானம். வெடித்த உலை அப்படியல்ல. ஆறைத் தாண்டினால் கட்டுக்கு அடங்காது என்று உலகமே ஒப்புக்கொள்ளும். எனவே ஞாயிறு காலை பாதுகாப்பு வால்வை இறுக்கினேன், நீராவி வெளியேறும் குழாயை அடைத்தேன். அவன் பன்னிரண்டு மணிக்கு உலையை மூட்டினான். கொதிகலன்காரனுக்கு அழுத்தக் கணக்கு மனப்பாடம். பன்னிரண்டே முக்காலுக்கு வெடிக்கும், அப்போது எல்லோரும் மேசையில் இருப்பார்கள்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தேன். நாற்பது பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அவன் வரவில்லை. சாப்பாட்டுக்குத் தாமதமாக வருவது அவனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம். நானும் எத்தனையோ தடவை கண்டித்திருக்கிறேன். கொட்டகையில் அழுத்தமானியின் முள் ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷமாகத்தான் நின்றிருப்பான்.

“தம்பியைக் கூட்டிட்டு வரட்டுமா?” என்று ஹெட்லுண்ட் எழுந்தார்.

“உக்காருங்க, சாறு ஆறிடும்,” என்றேன். உட்கார்ந்தார். மரியாதை தெரிந்த மனிதர்.

சாவு வீட்டில் பதினைந்து மடங்கு, இருபது மடங்கு என்றுதான் பேச்சு. கேட்க நிறைவாக இருந்தது. ஆனால் ஹெட்லுண்ட் இடிபாட்டைக் கிளறி இரண்டாவது சுருளை எடுத்துவிட்டார். லியோனெல்லோ மோசடிக்காரன் என்று நேற்றுப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார். செத்தவனால் பதில் சொல்ல முடியுமா? அதனால்தான் நானே கோட்டு மாட்டிக்கொண்டு வந்தேன்.

கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மோசடி என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தப் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற என்னை விட்டால் இப்போது வேறு யார் இருக்கிறார்கள்?