அப்பா இறங்கின படகு

இல்லண்ணே, அப்பா படகை விட்டு இறங்கினதை நான் கண்ணால பாத்ததில்ல. அதை மொதல்லயே சொல்லிடறேன். தெயானிரா அத்தை சொல்லித்தான் தெரியும். அந்த மோட்டாரைக் கீழ வச்சுட்டுக் கேளு. நேரியோவோட சண்டை போட்டு அவன் படகை விட்டு வந்துட்ட, சரி. நாளைக்கு யோல்வியையும் ஏத்திக்கிட்டுத் தனியா ஏரிக்குப் போவேங்கற. அவன் உன் புள்ளதான், யாரு இல்லன்னா. கேட்டுட்டுப் போ.

நம்ம அத்தை புருஷன் ஒஸ்வால்தோவோட படகுலதான அப்பா வேலை பாத்தாரு. ஒருநாள் கரையில, அத்தனை பேரும் பாக்க, மீன் திருடன்னு அவரு அப்பாவைத் திட்டினாராம். அப்பா வலையைத் தூக்கி அவர் மேலயே எறிஞ்சுட்டு இறங்கிட்டாரு. சாகுறவரைக்கும் அந்தாளு பேரைச் சொன்னா காறித் துப்புவாரே, அது இதுக்குத்தான்.

திருட்டே நடக்கலயாம். அதுக்கு முன்னாடியே அப்பா ரெண்டு தடவை நிக்க முடியாமத் தண்ணில விழுந்திருக்காரு. உனக்கு அந்தக் கை கால் ஆடுற கெட்ட வியாதி வந்துருச்சுப்பான்னு மூஞ்சிக்கு நேரா எவன் சொல்வான்? இரக்கப்பட்டு இறக்கிவிட்டா மனுசன் கூனிப்போயிடுவான். ரோஷத்துல இறங்கினா நிமிந்து வீட்டுக்குப் போவான். இந்தக் கரையில அப்படித்தான் செய்வாங்களாம்.

அவருக்கே தெரியாதான்னா, தெரியாதுண்ணே. கை கால் ஆடுறது ஆடுறவங்களுக்குத் தெரியுறதில்ல. தட்டு விழும்போதெல்லாம் அம்மாதான் தட்டிவிட்டான்னு கத்துவாரே. பொய் சொல்லல. அப்படித்தான் நம்பினாரு. கடைசில அரேப்பா சோள ரொட்டியைப் பால்ல கரைச்சு, மோவாயைத் தாழ்த்திப் பிடிச்சு, முழுங்கிட்டாரான்னு பாத்துப் பாத்து ஊட்டினோம். எவ்வளவு குடுத்தாலும் இளைச்சாரு. பாயைத் தரையில போட்டும் சுவத்துல மோதி மோதி முழங்கையெல்லாம் புண்ணு. புரை ஏறித்தான போனாரு.

நீ அம்மா ஜாடைன்னு சிரிக்காத. அம்மா ஜாடைல பொறந்தா வராதுங்கறது ஊர்ப் பேச்சு. ஜாடைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அப்பாவுக்கு இருந்ததால, வர்றதுக்கு உனக்கும் பாதிக்குப் பாதி, எனக்கும் பாதிக்குப் பாதி. மரக்காய்போ டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயி சோதனைக்கு ரத்தம் குடுத்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம்.

ஆமா, நர்ஸ் படிப்பு படிச்ச திமிருதான். நம்ம வீட்ல நான் ஒருத்திதான படிச்சேன், திட்டிக்கோ. எனக்கு மட்டும் பயமில்லயா? தெனம் காலைல கண்ணாடி முன்னாடி கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் தலையே சீவுறேன். இன்னும் ரத்தம் குடுக்க தைரியம் வரல. ரெண்டு பேருமாப் போலாம்ணே. யோல்விய மட்டும் கரையில விட்டுடு.

நேரியோ பேச்சை எடுக்காதேன்னா எப்படி? அந்த ஒஸ்வால்தோவுக்குப் பொறந்தவன்தான அவனும். உன்னைப் போயி டீசல் திருடன்னு சொல்லிட்டானேன்னு எனக்கும் வயிறு எரிஞ்சுது. அத்தை சொன்னதைக் கேட்டப்புறம் மனசு கேக்கல, நேத்து அவன் வீட்டுக்கே போனேன். மொகத்தைப் பாக்காமயே பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, நீ திருடினதாச் சொன்ன அந்த டீசல் கேனைத் திறந்து காமிச்சான்.

டீசல் வாய் வரைக்கும் நிறைஞ்சிருந்துச்சுண்ணே.