வராதவங்க கம்பி

...அதான் சொல்றேன் தம்பி, நல்ல மனுஷனோட குடும்பம் நடத்துறது மாதிரி கஷ்டம் வேற இல்ல. கெட்டவனா இருந்தா நாலு பேர் நம்ம பக்கம் பேசுவாங்க. எங்க வீட்டுக்காரரைப் பத்தி ஒரு குறை சொன்னா எனக்குத்தான் கெட்ட பேரு. கையை நீட்டுங்க. ஆமா, இது உங்க கோட்டு இல்லதான். தெரியும். அவரோடது. ரிட்டயர் ஆனப்போ தச்சது, ஒரே ஒரு நாள் போட்டாரு. கை கொஞ்சம் நீளம், மடிச்சு ரெண்டு தையல் போட்டுத் தர்றேன். நீங்க வெளுக்கப் போட்ட கோட்டு எங்கன்னு சொல்றேன், சொல்லாம விடுவேனா? மொதல்ல நேரா நில்லுங்க. இன்டர்வியூவுக்கு இன்னும் நேரம் இருக்கு.

அவர் பஸ் ஓட்டிட்டு இருந்தவரு. வேலையில இருந்த வரைக்கும் யார் ஓடி வந்தாலும் நிறுத்த மாட்டாரு. நேரத்துக்கு எடுக்கணும், இல்லேன்னா மேல பதில் சொல்லணும். ரிட்டயர் ஆன மறுநாள் உக்காந்துக்கிட்டு, கண்ணாடியில ஓடி வந்தவங்க மூஞ்சியெல்லாம் ஞாபகம் வருதுங்கறாரு. நான் ஏதோ தூக்கம் சரியில்லன்னு நெனச்சேன். இல்ல தம்பி. அன்னையிலேர்ந்து ஊர்ல ஒரு மனுஷனை உதவி பண்ணாம விடறதில்ல.

பால் வாங்க அனுப்பினா, வரிசையில பின்னாடி நிக்கறவங்களையெல்லாம் முன்னாடி விடுவாரு. கைக்கொழந்தைக்காரி, வேலைக்குப் போறவன், சும்மா நிக்கறவன், எல்லாரும் முன்னாடி. இவர் முறை வர்றப்போ பால் தீர்ந்திருக்கும். வெறுங்கையோட வந்து, எல்லாருக்கும் கெடச்சிருச்சுன்னு சந்தோஷமா சொல்லுவாரு. எல்லாருக்கும்னா நான் யாரு?

போன மாசம் எதிர் வீட்டு வாசல்ல ஒரு லாரி நின்னுச்சு. புருஷனும் பொண்டாட்டியும் ஒரு பீரோவைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கறாங்க. இவரு ஓடிப்போய் ஒரு பக்கம் பிடிச்சு, மாடி மாடியா ஏத்தி, மேல கொண்டுபோய் வெச்சுட்டு வந்தாரு. அவங்க வீட்டைக் காலி பண்ணிட்டு இருந்தவங்க தம்பி. அப்பத்தான் கீழ எறக்கியிருக்காங்க. இவ்வளவு ஆசையா தூக்கறவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு அவங்களும் கூடவே தூக்கியிருக்காங்க, பாவம்.

சிரிக்காதீங்க, தையல் கோணலாப் போகுது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நம்ம கடையில துணி மாட்டற கம்பி ரெண்டு இருக்கா? வாசல் பக்கம் இருக்கறது, வாங்கிட்டுப் போக வர்றவங்க துணி. அந்த மூலையில இருக்கே, அது வராதவங்க கம்பி. போட்டுட்டுத் திரும்பியே பாக்காதவங்களோடது. வருஷக்கணக்கானா இல்லாதவங்களுக்குக் குடுத்துருவோம், கடை வழக்கம். நேத்து சாயங்காலம் நான் உள்ள தேச்சுட்டு இருக்கேன். ஒரு ஆள் தொப்பலா நனைஞ்சு வந்து, மழை விடற வரைக்கும் நிக்கலாமான்னு கேட்டிருக்கான். நிக்கட்டும், யார் வேண்டாம்னா? இவருக்கு அது போதல. ஐயோ நடுங்கறானேன்னு, வராதவங்க கம்பியிலேர்ந்து ஒரு கோட்டை எடுத்து மாட்டி அனுப்பிட்டாரு. ஆமா தம்பி. உங்களோடதுதான். அவனுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சாம். அதையும் என்கிட்டயே சொல்றாரு.

நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினேன். ஒரு பையனோட வேலை அதுல இருக்கு, தாராள மனசு காட்ட அடுத்தவன் கோட்டுதான் கெடச்சுதான்னு கேட்டேன். கடைசியா, "இனிமே யார் விஷயத்துலயும் தலையிட மாட்டேன்"னாரு. அவ்வளவுதான். விடிஞ்சதும் ஒரு வாய் சாப்பிடாம அந்த ஆளைத் தேடிப் போயிருக்காரு. மழையும் விட்டபாடில்ல.

ஆமா, நான் ஒண்ணு கேக்கறேன். செவ்வாய்க்கிழமை கண்டிப்பா வர்றேன்னீங்களே, ஏன் வரல? உங்களுக்காகக் கடையைச் சாத்தாம உக்காந்திருந்தேன்... ஓ... அம்மாவையா?... ஆஸ்பத்திரியிலயா? இப்போ எப்படி இருக்காங்க?... சாப்பிடறாங்களா?... ம்.

ஒண்ணுமில்ல. நூல் சிக்கிடுச்சு.

நியாயமாத்தான் கேக்கறீங்க. போன வாரம் போட்ட கோட்டு எப்படி வராதவங்க கம்பிக்குப் போச்சு? தானா நடந்து போகுமா? நான்தான் தம்பி மாட்டினேன். கோவம். சொன்னா சொன்னபடி வரத் தெரியாதவனுக்கு வாசல் கம்பி எதுக்கு, வந்து தேடட்டும், கொஞ்சம் பதறட்டும்னு. என்ன ஏதுன்னு விசாரிக்கக்கூட இல்ல. யாரோ ஒரு பையன், அவன் மேல எனக்கு எதுக்கு அவ்வளவு ஆத்திரம்? அவருக்கு இது தெரியாது. நான் திட்டினது மொத்தத்தையும் தன் தப்புன்னு வாங்கிக்கிட்டாரு. நானும் வாயைத் தெறக்கல.

அதோ, வந்துட்டாரு... வெறுங்கை. ஆள் கெடைக்கல. பாருங்க, உள்ள வராம வெளியிலயே நிக்கறாரு. துணி போட வந்த ஒரு பொண்ணு, இடுப்புல கொழந்தை, ஒரு கையில குடை, ஒரு கையில துணி மூட்டை, கதவைத் தள்ள முடியாம தவிக்கிறா. இவர் பாக்கறாரு... தம்பி, இவர் நகரல. கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. பாத்தீங்களா? இவரா இது? ஐயோ, என்னால இதைப் பாக்க முடியல.

கொஞ்சம் தள்ளுங்க தம்பி. ஏங்க, அந்தக் கோட்டை மூலைக் கம்பியில மாட்டினது நான். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. காதுல விழுந்துச்சா? நான்தான் மாட்டினேன், தெரிஞ்சேதான் மாட்டினேன். இந்தப் பையன் எதிரிலேயே சொல்றேன், போதுமா? என்னை அப்புறம் நல்லா திட்டிக்கோங்க. இப்போ அந்தக் கதவைத் தெறந்து விடுங்க.

...ம். தெறந்துட்டாரு. மூட்டையை வாங்கிக்கிட்டாரு. குடையையும் வாங்கிக்கிட்டாரு. உள்ள வாம்மா, உக்காரு, இதோ வர்றேன். தம்பி, ரெண்டு கையும் முடிஞ்சுது, கெளம்புங்க. வேலை கெடைக்கும், போயிட்டு வாங்க. என்னங்க? இந்தத் தம்பி மழையில எப்படிப் போவாருன்னா கேக்கறீங்க? நனைஞ்சுதான் போவாரு, வேற என்ன... இருங்க, இருங்க, எதை எடுத்து அவர் கையில குடுக்கறீங்க? ஏங்க, அது அந்தப் பொண்ணோட குடைங்க.