உத்தரவு முடிந்த பின் பதிவான பெண் குரல்

பெயர் ஜோசஃபின், வயது 46, கணவர் பெயர் அப்பாதுரை, அல்சூர் ஏரிக்குப் பின்தெரு, பெங்களூர். தொழில், காவல் துறைப் பிரிவு ஒன்றில் தமிழ் டைப்பிஸ்ட். 1998 ஜூன் 8 அன்று, ஜீப் அனுப்பி அழைத்துவரப்பட்டு, உதவி ஆணையர் அவர்களிடம் நானாக முன்வந்து சொல்வது.

ஒட்டுக்கேட்கும் போன்களில் தமிழில் பேசுவதை டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. கடந்த மார்ச்சில் மனை புரோக்கர் கணேசமூர்த்தி ஆட்களை மிரட்டுவதாகச் சந்தேகம் வந்து, அவர் வீட்டுப் போனைக் கேட்க உள்துறைச் செயலாளர் உத்தரவு கொடுத்தார். அது இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டிக்காவிட்டால் அதோடு சரி என்று இன்ஸ்பெக்டர் இராஜமாணிக்கம் எனக்குச் சொன்னார். அதன் பிறகு நான் தினமும் கேட்டதில் கணேசமூர்த்தி யாரையும் மிரட்டவில்லை. மகன் முகேஷுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். ஓசூர் வேதநாயகி அம்மாளின் மகள் யசோதா என்று முடிவாகி, தட்டு மாற்றி, மண்டபமும் பிடித்தார்கள். பந்தியில் வத்தக்குழம்பா மோர்க்குழம்பா என்று ஒரு வாரம் பேசியதையும் டைப் அடித்தேன்.

அதன் பிறகு மே மாதம், உத்தரவு முடிவதற்கு முதல் நாள், கணேசமூர்த்தி பீன்யாவில் வேலை பார்க்கும் முகேஷிடம் போனில், "ரக்ஷிதாவ நீ ரிஜிஸ்டர் மேரேஜ் பண்ணது நமக்குள்ளயே இருக்கட்டும்டா. மொதல்ல இவ கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். அந்தப் பெண் யசோதா தினமும் கணேசமூர்த்திக்குப் போன் செய்து, "மாமா, சாப்ட்டீங்களா?" என்று கேட்டதை எல்லாம் நான்தான் டைப் அடித்திருக்கிறேன். உடனே இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர், "ஆர்டர் மிரட்டல் கேஸுக்கும்மா, கல்யாணத்துக்கு இல்ல. கேட்டத வெளிய சொன்னா வேலை போய்டும்" என்றார். விதி அதுதான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் உத்தரவு முடிந்தது. நீட்டிப்பு வரவில்லை. மெஷினை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு இன்ஸ்பெக்டர், "ஓடட்டும்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. ஆர்டர் பின்னாலயே வரும்" என்றார்.

அதன் பிறகு, கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கையில், ஒரு பெண் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கணேசமூர்த்திக்குப் போன் செய்து, "ரக்ஷிதா விஷயத்த இன்னிக்கே ஓசூர்ல நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா முகூர்த்தத்தன்னிக்கு அவளக் கூட்டிட்டு வந்து முன்வரிசைல உக்கார வெப்பேன்" என்று சொன்னது டேப்பில் பதிவானது. அதையும் இன்ஸ்பெக்டர் என்னிடமே டைப் அடிக்கக் கொடுத்தார். நான் ஒரு எழுத்து விடாமல் அடித்து, பேசியவர் குரலைப் பற்றி வழக்கமாக எழுதும் இடத்தில், "நடுத்தர வயது, இனிய குரல், பேச்சில் நியாயம் உள்ளது" என்று எழுதினேன். அங்கேதான் இன்ஸ்பெக்டருக்கு என் மேல் சந்தேகம் வந்ததாக அறிகிறேன்.

அன்று சாயங்காலமே கணேசமூர்த்தி பயந்துபோய் ஓசூர் சென்று உண்மையைச் சொல்ல, கல்யாணம் நின்றது. அதன் பிறகு அவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, தன்னை யாரோ மிரட்டுவதாகவும், தன் போனை ஒட்டுக்கேட்டாவது அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் மனு கொடுத்தார்.

இன்று உதவி ஆணையர் அவர்கள் மேற்படி டேப்பைப் போட்டு, இது உங்கள் குரலா என்று கேட்டார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "ஐயா, இது ஆர்டர் முடிஞ்சப்புறம் எடுத்த டேப்பு, கேட்டா குத்தம். செயலாளர் கையெழுத்தக் காட்டுங்க, அப்புறம் கேட்டுட்டு யார் குரல்னு சொல்றேன்" என்றேன். உதவி ஆணையர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் மின்விசிறியைப் பார்த்தார். அதன் பிறகு மெஷின் நிறுத்தப்பட்டது.

கல்யாணம் நின்றதில் எனக்கு மிகவும் சந்தோஷம். யசோதா அழுதாளா, சாப்பிட்டாளா என்று தெரிந்துகொள்ள ஆசை. அந்த வீட்டுப் போனைக் கேட்க உத்தரவு இல்லாததால் தெரியவில்லை.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ளது அத்தனையும் உண்மை. டேப்பில் அந்தப் பெண் சொன்னதும் உண்மை.

(ஒப்பம்) ஜோசஃபின்