'உங்க வீட்ல' டீச்சர்

தலைமையாசிரியர் அவர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

பிள்ளைகளே, மறைந்த நம் அறிவியல் ஆசிரியை அம்மையாருக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர் அவருக்குத் தெரிந்தே இருந்தது. எந்தப் பாடமானாலும் "உங்க வீட்ல இதை எப்படிச் செய்வாங்க?" என்று கேட்டுத்தானே தொடங்குவார்? பாடநூலில் ஊஞ்சலும் பூந்தோட்டமுமாக ஒரு வீடு இருக்கிறதே, அதில் நம் பிள்ளைகள் யார் குடியிருக்கிறார்கள் என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். நாங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தோம்.

புகழ்ந்துவிட்டு இறங்குவது எனக்கு எளிது. ஆனால் அவர் மனத்தை அரித்த ஒன்றைச் சொல்லாமல் எப்படி இறங்குவேன்? அதைச் சொல்லலாமா என்று ஒரு தாயிடமும் மகளிடமும் கேட்டேன். "சொல்லுங்க. பேரு மட்டும் வேணாம்" என்றார் அந்தத் தாய்.

மீன் சுத்தம் செய்யும் கொட்டகையில் வேலை செய்பவர் அவர். சுவாசம் பற்றிய பாடத்தன்று அம்மையார் தம் வழக்கமான கேள்வியைக் கேட்டதும், அதுவரை வாயே திறக்காத அவருடைய மகள் எழுந்து நின்று செவுளைப் பற்றிச் சொன்னாள். அம்மையார் பூரித்துப்போனார். மறுநாளே பிள்ளைகள் அவளுக்குச் 'செவுள்' என்று பெயர் வைத்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் பள்ளிக்கு வருவது நின்றது.

அம்மையாரும் நானும் கொட்டகைக்குப் போனோம். அந்தத் தாய் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"இந்த நாத்தம் அவ மேல ஒட்டக்கூடாதுன்னுதான் உங்ககிட்ட அனுப்புறேன். நீங்க அதையே பாடமாக்கிட்டீங்களே டீச்சர்?"

அம்மையார் நல்லெண்ணத்தைச் சொல்லித் தப்பிக்கவில்லை. "தப்பு என்னோடதும்மா. எல்லார் முன்னாடியும் கேக்குறதுக்கு முன்னால அவளைக் கேட்டிருக்கணும்" என்றார்.

அடுத்த நாள் வகுப்பில் நெம்புகோல் பாடம். பையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்தார். "எங்க வீட்ல இருந்து தொடங்குவோம். எங்க அப்பா முடி வெட்டுறவர். இது அவரோடது" என்றார். இத்தனை ஆண்டுகளாக எங்கள் யாருக்கும் தெரியாத செய்தி அது. ஓய்வறையில் ஓரிருவரின் பேச்சில் அன்று முதல் தொனி மாறியது. அவர் அதைக் கவனித்தார். ஆனாலும் தம் வீட்டிலிருந்து தொடங்குவதை நிறுத்தவில்லை.

அந்தச் சிறுமி பள்ளிக்குத் திரும்பி வந்தாள். ஆனால் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். கை உயர்த்தவே இல்லை. பிறகு அம்மையார் நோயுற்றுக் கிடந்த மருத்துவமனைக்கு நான் போகும்போதெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: "அவ பேசினாளா?"

இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. ஆறுதலுக்காகப் பொய் சொன்னால் அவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

பிள்ளைகளின் வாழ்க்கையை வகுப்பறைக்குள் கொண்டுவருவது தவறா? தவறில்லை என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தச் சுமையை ஒரு குழந்தையின் தலையில் மட்டும் இறக்கிவைக்க நமக்கு என்ன உரிமை? இதற்கு முழு விடை தெரியாமலேயே அவர் போய்விட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஆசிரியர்களே, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம் என்று உறுதி எடுப்போம். பிள்ளைகளைக் கேட்போம், அவர்கள் சம்மதித்த பிறகே கரும்பலகைக்குக் கொண்டுபோவோம்.

நாளை அவருடைய ஏழாம் வகுப்புக்கு நான்தான் போகிறேன். பாடம், அமிலமும் காரமும். என் அம்மா அடுத்தவர் வீடுகளில் கழிப்பறை கழுவி என்னைப் படிக்கவைத்தார். அவர் கைகள் ஏன் வெந்துபோயிருந்தன என்பதிலிருந்து தொடங்கப்போகிறேன்.