உடம்பின் ஞாபகம்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எங்கள் பஸ் நின்றுகொண்டிருந்தது.

“ஊசி போட்டது உடம்புக்கு ஞாபகம் இருக்கான்னு பாக்குறதுதான் என் தங்கச்சி வேலை” என்றார் முன்சீட்டு அம்மா.

பக்கத்தில், தூங்கும் பிள்ளையை மடியில் வைத்திருந்த பெண் சிரித்தாள். “உடம்புக்கு ஏதுக்கா ஞாபகம்?”

“இருக்கும்மா. தடுப்பூசி போட்டா, கிருமி எப்படி இருக்கும்னு உடம்பு கத்துக்கும். நெசக் கிருமி வந்தா அடையாளம் தெரிஞ்சு அடிக்கும். மூளைக்காய்ச்சலுக்கு அவளே புதுசா ஒரு ஊசி கண்டுபிடிச்சா. எங்க தம்பி அந்தக் காய்ச்சல்லதான் போனான். வயக்காட்டுக் கொசு கடிச்சு வர்றது.”

“ஊசி வந்துடுச்சாக்கா?”

“இல்லம்மா. போட்டுப் பாத்ததுல நிறைய பேருக்கு வருஷம் திரும்புறதுக்குள்ள அந்த ஞாபகம் போயிடுச்சு. கூட வேலை பாக்குறவங்க, ‘ஒண்ணுமில்லாததுக்கு இது தேவல’ன்னாங்க. இவதான் எழுந்து நின்னு, ‘என் ஊசி போதாது’ன்னு சொல்லிட்டா.”

“அத்தனை வருஷ உழைப்பாச்சே!”

“ஆமா. இப்ப மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கா. ஏன்டின்னு கேட்டா, ‘ஊசி போட்டாச்சுன்னு நம்பி ஒரு அம்மா கொசுவலைய எடுத்துட்டா என்ன பண்றதுக்கா’ங்குறா.”

அந்தப் பெண் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் கால்களை மூடினாள்.