குழந்தைவேலு தட்டைத் திருப்பிக் கொடுத்தது

— அதெல்லாம் வேணாம் விசாலம், நான் காப்பி குடிக்க வரல. மொதல்ல இந்தத் தட்டைப் புடி.

— உக்காருங்க குழந்தைவேலண்ணே. தட்டு எங்க ஓடிடப் போவுது?

— ஓடிக்கிட்டுத்தானே கெடக்கு. தீபாவளிக்கு என் பொண்டாட்டி அலமு இதுல அதிரசம் வச்சு உனக்கு அனுப்பினா. நேத்து நீ திருப்பி அனுப்பினே. எப்படி அனுப்பினே?

— வெறுந்தட்டா அனுப்பக் கூடாதில்ல... கையில கெடச்சதை வச்சேன்.

— வெத்தல, பாக்கு, தேங்கா, வாழப்பழம், மஞ்சக்கெழங்கு, மல்லிப்பூ. இதான் கையில கெடச்சுதா? நம்ம தீவுல ரங்கத் பஜார் பூரா தேடினாலும் மல்லி கெடைக்காது.

— போர்ட் பிளேர்லேர்ந்து போட்டுல வந்துச்சு...

— நம்ம எதுத்த வீட்டு பெங்காலி பாபு பாத்துட்டு, "ஷாதி பக்கா?"ன்னு என் கையப் புடிச்சுக் குலுக்கறாரு. அவருக்கே தெரியுது இது கல்யாண நிச்சயத் தட்டுன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்னத்தச் சொல்றது... வாயில வாழப்பழம்.

— நான் வச்சனுப்பின பழமா?

— பசிச்சுது, தின்னுட்டேன். அதை விடு. உன் மவன் பாலசுப்பிரமணியம் நல்ல புள்ளதான். ஆனா என் மவ ஜெயமணி எங்க அக்கா மவனுக்குப் பேசி வச்ச பொண்ணு. அடுத்த கப்பல்ல மெயின்லேண்டுலேர்ந்து வர்றான். இங்க தட்டு மாத்தியாச்சுன்னு கேள்விப்பட்டா என் மானம் போயிடும்.

— ஜெயமணியக் கேட்டீங்களா?

— அவ ரெண்டு நாளா சரியா சாப்பிடல... எங்கேர்ந்து கேக்கறது. புடி தட்டை.

— நல்லா யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?

— யோசிச்சாச்சு. ரெண்டு கையாலயும் குடுக்கறேன், வாங்கிக்க.

— வாங்கிட்டேன்... ஏண்ணே, மேல துணி போட்டு மூடியிருக்கு?

— அலமுதான். வெறுந்தட்டைக் கொண்டுபோகக் கூடாதுன்னு ஏதோ வச்சா.

— வெத்தல, பாக்கு, மஞ்சள், தேங்கா... மாப்பிள்ளைக்கு வேட்டி வேற.

— வேட்டியா... குடு இப்படி.

— இருங்க. நீங்க குடுத்தீங்க, நான் வாங்கிட்டேன். பாபு ஜன்னல்லேர்ந்து கை ஆட்டறாரு பாருங்க.

— இது செல்லாது விசாலம். எங்க வீட்டுத் தட்டு ஒண்ணே அங்கயும் இங்கயும் போனா, தட்டு மாத்தினதா ஆயிடுமா?

— உங்க தட்டு என் அடுக்களையில இருக்கு, இது புதுசு. சாமானை எடுத்துட்டேன், இதைக் கொஞ்சம் கவுத்துப் பாருங்க. அடியில பேர் வெட்டியிருக்கு.

— ஜெயமணி... பாலசுப்பிரமணியம்... இது எப்ப வெட்டினது?

— போன மாசம் கண்ணு காட்டிட்டு வர்றோம்னு நானும் அலமு அண்ணியும் போர்ட் பிளேர் போனோமே... ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லாத்தான் இருக்கு, சம்பந்தி.