டீசல் வால்வு

சுனாமி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பொம்மையார்பாளையத்தில் பஸ் ஏறிய மெக்கானிக் பாயும், அவரைக் கூட்டிப்போக வந்த மரக்காணத்து உப்பளக்காரரும் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"ஜெனரேட்டர்ல கடல் தண்ணி பூந்துச்சே, உள்ள இருக்கிற கம்பிச் சுருளை என்ன செஞ்சீங்க?"

"நல்ல தண்ணில கழுவி வெயில்ல காய வெச்சேன் பாய். ஒயரெல்லாம் மாத்திட்டேன்."

"டேங்க்லேர்ந்து டீசல் வருதா?"

"வரல."

"டேங்க் வால்வு திறந்திருக்குதா?"

"மூடியிருக்குது."

பாய் திரும்பிப் பார்த்தார். "மூடியிருந்தா எப்படிங்க வரும்? திறக்க வேண்டியதுதானே?"

உப்பளக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது என் தம்பி மூடினது பாய். மிஷினை நிறுத்தினா வால்வை மூடாம வரப்பு ஏற மாட்டான். அன்னிக்கு மிஷின் ஓட்டி உப்புப் பாத்திலேர்ந்து மழைத்தண்ணி எறச்சிட்டிருந்தோம். அலையைப் பார்த்துட்டு நாங்கல்லாம் ரோட்டுக்கு ஓடிட்டோம். அவன் நின்னு மூடியிருக்கான். வந்து சேரல."

உப்பளக்காரர் பாய் பக்கம் திரும்பினார்.

"கடைசியா அவன் கை பட்டது அதுதான். எனக்குத் திறக்க மனசு வரல. நீங்க திறந்து விடுங்க."

மரக்காணம் வந்ததும் பாய் கருவிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"திறந்து விடறேங்க. சாயங்காலம் மிஷினை நிறுத்தினதும் நீங்கதான் மூடணும்."